பழுதில் பிறந்த நாதம்

சிற்றலையில் வரும் ஒலி நெடுந்தொலைவு கடந்து வருகையில் மங்கும், மீண்டும் எழும், இடையிடையே கரகரக்கும். இடியும் மழையும் மிகுந்த கண்டி மலைநாட்டில் வானொலி கேட்டு வந்தோர், பெட்டியின் குமிழை மெல்ல மெல்லத் திருகி, அக்கரகரப்பை விலக்கித் தெளிந்த குரலைப் பிடிப்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தனர். அதே காலத்தில், அதாவது 1960ஆம் ஆண்டுகளில், உலகின் மறுகோடியில் இருந்த இசைவாணர் சிலர், தெளிந்த ஒலியைக் கரகரக்கச் செய்வதற்கென்றே ஒரு சிறு பெட்டியை விலை கொடுத்து வாங்கினர். ஒருவர் பழுதென்று தள்ளியதை மற்றொருவர் பொருளென்று தேடிய விந்தை இது. கித்தார்க் கலைஞரின் காலடியில் கிடக்கும் அம்மிதிப்பெட்டியின் வரலாறு சிறியது. ஆயினும் அது எழுப்பும் வினா பெரியது. இசை எது, இரைச்சல் எது என்பதே அவ்வினா.

மேனாட்டு மெல்லிசை கண்டியை வந்தடைந்த வழிக்கும் கண்டிக்குமே ஒரு தொடர்புண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையில் இயங்கிய தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் புது டில்லியிலிருந்து கண்டிக்கு இடம் மாறியது. பேராதனைப் பூங்கா படை அதிகாரிகளின் பணியிடமாயிற்று. அப்படையினருக்குச் செய்தியும் இசையும் வழங்குவதற்காகக் கொழும்பில் ‘றேடியோ சியாக்’ என்னும் நிலையம் நிறுவப்பட்டது. போர் ஓய்ந்த பின்னர், ஏக்கலையில் அமைந்த அதன் 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. இந்திய உபகண்டம் முழுவதும் இலங்கை வானொலியின் குரல் கேட்டது அதன் வலிமையாலேயே. போருக்கென அமைத்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது. அப்பாட்டுக்களோடு மின்கித்தாரின் ஒலியும் இல்லங்களுக்குள் நுழைந்தது.

மின்கித்தார் 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவாகியது. அதற்கு முன்னர்க் கித்தார் மென்குரல் உடைய கருவி. எக்காளமும் முரசும் முழங்கும் வாத்தியக் குழுவில் அதன் குரல் எடுபடாது. தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளால் மின்னலையாக்கி, அதனைப் பெருக்கியினால் வலுப்படுத்தி, ஒலிபெருக்கி வழியே வெளியிட்டபோது அக்குறை தீர்ந்தது. ஆனால் பெருக்கியை அதன் தாங்குசக்திக்கு மேல் இயக்கினால் ஒலி தெளிவிழந்து கரகரக்கும். பொறியியலார் இதனைத் திரிபு என்றனர். திரிபில்லாத பெருக்கியை ஆக்குவதே அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கடமை. பாட்டின் போக்கோ வேறாயிற்று.

1951ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மெம்பிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்திற்கு ஐக் டேர்னரின் குழுவினர் வந்து சேர்ந்தனர். வில்லி கிசார்ட் என்னும் கித்தார்க் கலைஞரின் பெருக்கி வழியிலே பழுதுற்றிருந்தது. வேறு பெருக்கி கிடைக்கவில்லை. கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்புக்குள் காகிதத்தைத் திணித்துப் பதிவை நடத்தினர். எழுந்த ஒலி சாக்சபோன் கருவியின் ஒலிபோலத் தடித்துக் கேட்டது. ‘ரொக்கட் 88’ என்ற அப்பாட்டு அவ்வாண்டிலே பெருவெற்றி பெற்றது. பின்னர் 1958ஆம் ஆண்டில் லிங்க் ரே என்பவர் ஒலிபெருக்கியின் கூம்பைப் பென்சிலால் குத்தித் துளைத்து ‘ரம்பிள்’ என்னும் வாத்திய இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல்லேனும் இல்லை. இருந்தும், இளைஞரைக் கலகத்துக்குத் தூண்டிவிடும் என்று அஞ்சி அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அதனை ஒலிபரப்ப மறுத்தன. சொல்லின்றி வந்த ஒலியொன்று, அதன் கரடுமுரடான தன்மைக்காகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

பழுது, கருவியாக மாறியது நாஷ்வில் நகரத்தில். 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ‘டோன்ட் வொரி’ என்ற இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பதிவின்போது கிரேடி மார்ட்டின் வாசித்த கித்தார், ஒலிப்பதிவு மேசையின் கெட்டுப்போன ஒரு பாதை வழியே சென்றது. மந்தர சுருதியில் எழுந்த அவ்வாசிப்பு வண்டின் ரீங்காரம்போல் கரகரத்தது. அதனை அழித்து மீண்டும் பதிவு செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அப்படியே விட்டனர். பாட்டு புகழ் பெற்றது. வேறு கலைஞரும் வந்து அவ்வொலியே தமக்கும் வேண்டுமென்றனர். அதற்குள் அக்கெட்ட பாதை முற்றாகவே செயலிழந்து போயிற்று! ஆகவே பொறியியலார் கிளென் ஸ்னோடி, அதே ஒலியைத் திரான்சிஸ்டர்களைக் கொண்டு ஆக்கும் மின்சுற்று ஒன்றைத் தம் நண்பருடன் சேர்ந்து அமைத்து, கிப்சன் நிறுவனத்தாரிடம் கொடுத்தார். 1962ஆம் ஆண்டில் அது ‘மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயருடன் கடைக்கு வந்தது. காலால் மிதித்தால் இயங்கும்; மீண்டும் மிதித்தால் நிற்கும்.

அதன் பயன் யாதென்பது விற்றவர்களுக்கே தெளிவாகவில்லை. கித்தாரைக் கொண்டு எக்காளம், செல்லோ முதலிய கருவிகளின் ஒலியை எழுப்பலாம் என்றே விளம்பரம் செய்தனர். வாங்குவோர் குறைந்து, பெட்டிகள் கடைகளில் தேங்கின. 1965ஆம் ஆண்டில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவைச் சேர்ந்த கீத் ரிச்சர்ட்ஸ், ‘சாடிஸ்பாக்ஷன்’ என்னும் பாட்டில் அப்பெட்டியைப் பயன்படுத்தினார். பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதே அவர் கருத்து. ஆனால் அக்குறிப்பொலியே இறுதிப் பதிவாக வெளிவந்தது, உலகெங்கும் பரவியது. தேங்கிக் கிடந்த பெட்டிகள் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. மற்றொரு கருவிக்குப் போலியாகப் பிறந்தது, தனக்கென ஒரு குரல் உடையதென்று அன்று அறியப்பட்டது.

இப்பெட்டிக்குள் நிகழ்வது யாது? தந்தி அதிரும்போது பிறக்கும் மின்னலை, மலைத்தொடர்போல முகடும் பள்ளமுமாக வருவது. பெட்டி முதலில் அவ்வலையைப் பன்மடங்கு பெருக்குகிறது. பின்னர், குறித்ததோர் எல்லைக்கு மேல் எழும் முகடுகளையும் கீழ் இறங்கும் பள்ளங்களையும் வெட்டி மட்டமாக்குகிறது. வெட்டுண்ட அலையில், மூல சுரத்தோடு முன்னில்லாத மேற்சுரங்கள் பல தோன்றுகின்றன. மெல்லிய ஒலி தடித்துக் கரகரப்பது அவற்றால். உரத்த மீட்டலும் மெல்லிய மீட்டலும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வெட்டப்படுவதால், தந்தியின் அதிர்வு தணிந்துகொண்டு போகும்போதும் ஒலி உடனே தணியாது நீண்டு நிற்கும். நொடியில் மறையும் கித்தாரின் ஒலிக்கு ஊதுகருவியின் நீட்சி கிடைப்பது இவ்வகையிலேயே.

1978ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்த ‘பாஸ் டி.எஸ். 1’ என்ற செம்மஞ்சள் நிறப் பெட்டி இவ்வகையில் மிகப் பரவலாக வழங்குவது. அதில் மூன்று குமிழ்கள் உண்டு: ஒன்று திரிபின் அளவையும், ஒன்று ஒலியின் உரத்தையும், ஒன்று தொனியின் கூர்மையையும் ஆள்வன. கித்தாரின் கம்பி வலப்புறத்தில் நுழையும். பெருக்கிக்குச் செல்லும் கம்பி இடப்புறத்தில் வெளிவரும். 9 வோல்ற் மின்கலம் ஒன்று போதுமானது. முதலில் பெட்டியை இயக்காமல், பெருக்கியில் கித்தாரின் தெளிந்த ஒலியைச் செம்மைப்படுத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் மிதித்து, திரிபுக் குமிழைச் சிறிதளவே திறந்து, மிதித்த நிலையிலும் மிதியாத நிலையிலும் ஒலியின் உரம் ஒத்திருக்குமாறு உரக் குமிழைத் திருத்த வேண்டும். ஒலி செவியைக் குத்தினால் தொனிக் குமிழைத் தணிக்கலாம். அதன் பின்னரே வேண்டிய அளவுக்குத் திரிபை ஏற்றுவது முறை. ஏற்ற ஏற்ற நீட்சி பெருகும். வேண்டாத இரைச்சலும் உடன் பெருகும். வாசித்து முடிந்ததும் கித்தார்க் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கழற்றாவிடில், மிதியாமல் இருக்கும்போதும் மின்கலம் வீணாகும்.

திரிபு வந்த பின்னர் வாசிக்கும் முறையே மாறியது. பல சுரங்களை ஒருங்கே மீட்டினால், பெட்டிக்குள் அவை ஒன்றோடொன்று கலந்து புதிய சுரங்களைப் பிறப்பிக்கும். அவற்றுட் பல மூல சுரங்களோடு மோதும். ஆனால் சட்சமும் பஞ்சமமுமாகிய இரண்டை மட்டும் மீட்டினால் மோதல் இல்லை. அவற்றின் அதிர்வெண்கள் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைவன. அவற்றின் வேறுபாட்டாற் பிறக்கும் சுரம் கீழ்ச் சட்சமாகவே வந்து பொருந்தும். பண்டைத் தமிழர் குரல் என்றும் இளி என்றும் வழங்கிய அதே இணையை, மேனாட்டு இளைஞர் தம் செவியின் துணையாலேயே தேர்ந்துகொண்டனர்.

கரகரப்பை அளவறிந்து ஆளும் கலை மின்சாரத்தோடு பிறந்ததன்று. தம்புராவின் குதிரையில், தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகி, அதனை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்துவர். உரிய இடத்தில் அது நின்றவுடன் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அதற்கு ஜீவா என்று பெயர். நூல் இல்லையேல் ஒலி தூயதாக இருக்கும். ஆனால் உயிர் இராது என்பது அதன் கருத்து. கண்டிப் பெரகராவில் கெட்ட பெரயும் தவுலும் தம்மட்டமும் முழங்க, அவற்றுக்கு மேலே ஹொரணை என்னும் குழல் கீச்சிட்டு எழுகிறது. அக்குழலின் கூர்மையை மழுக்கிவிட்டால், ஆயிரக்கணக்கானோர் நிறைந்த தெருவில் அதன் குரல் கேளாது.

கண்டியைச் சூழ்ந்த மலைத் தோட்டங்களில் ஒலிக்கும் தப்பு இவ்விடத்திற் சிறப்பாக நினைக்கத்தக்கது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம்மோடு தப்பையும் கொண்டுவந்தனர். விடியுமுன் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்தில் ஆடவைத்ததும் தப்பு. இறந்தவரை வழியனுப்பியதும் தப்பு. மலைக் குளிரில் அதன் தோல் தளரும். ஆகவே சருகைக் கொளுத்தி, அத்தீயிற் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, உரிய இறுக்கம் வந்த பின்னரே அடிப்பர். 1966ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெட்டிக்கும் இத்தகைய இயல்பு இருந்தது. அதன் தொடக்கப் பெட்டிகளில் இருந்த ஜெர்மேனியம் திரான்சிஸ்டர்கள் வெப்பத்துக்கு ஏற்ப இயல்பு மாறுவன. குளிரில் இனிது ஒலித்த பெட்டி, சூடேறிய மேடையில் வேறாக ஒலித்தது. பின்னர்ச் சிலிக்கன் திரான்சிஸ்டர்கள் அக்குறையைப் பெரிதும் நீக்கின. இன்றும் சிலர் ஜெர்மேனியத்தையே நாடுகின்றனர். தோலாயினும் திரான்சிஸ்டராயினும், கருவியின் இயல்பறிந்து பதப்படுத்தும் கையே அதனைப் பாட வைப்பது.

இவ்விரண்டுக்கும் கிடைத்த மதிப்பு மட்டும் ஒன்றாக இல்லை. கித்தாரின் கரகரப்பைச் சில ஆண்டுகள் பழித்த உலகம், பின்னர் அதற்கு விலை வைத்து விற்றது. ‘ரம்பிள்’ இசையை மறுத்த வானொலி உலகமே, ஏழாண்டு கழித்துச் ‘சாடிஸ்பாக்ஷன்’ பாட்டை ஓயாது ஒலிபரப்பியது. தப்போ, அடித்தவரின் குலத்தையும் கூலியையும் காட்டி, நெடுங்காலம் வெறும் இரைச்சல் என்றே ஒதுக்கப்பட்டது. தோலை எத்தனை பதமாகக் காய்ச்சினர், இரு குச்சிகளும் எத்தனை வகை அடிகளைப் பேசின என்று கேட்டுப் பார்த்தோர் சிலரே. ஒலி செவியில் விழுமுன், அதனை எழுப்புவோர் யார் என்ற எண்ணம் தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

நாஷ்வில் நகரத்தில் அன்று ஒருவர் கெட்டுப்போன பாதையின் ஒலியை அழிக்காமல், மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். மிதிப்பெட்டியின் வரலாறு அப்பொறுமையிலிருந்து தொடங்குகிறது. அத்தகைய பொறுமை தோட்டத்துத் தப்புக்கும் உரியதாகும்.