இரும்பின் உள்ளே

எமரி தாளில் எஃகுத் துண்டைத் தேய்த்து, நைட்டலில் நனைத்து, நுண்ணோக்கியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? 1860களில் ஷெஃபீல்டில் சோர்பி தொடங்கிய வழி அது. ஆனால் தெரிவது ஒரு வெட்டுமுகம் மட்டும். பாலக்கோட்டுத் தக்காளியில் ஒரே வில்லையைப் பார்த்து முழுப் பழத்தையும் சொல்ல முடியுமா?

1918இல் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மான் எஃகை அடுக்கடுக்காகத் தேய்த்துப் படமெடுத்தார். தனித்தனித் தகடுகளாகத் தெரியும் சிமென்டைட், உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருப்பதை 1962இல் ஹில்லெர்ட் அதே முறையில் காட்டினார். கை ஒடியும் வேலை! 2000களில் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் உருவான ரோபோ-மெட் இயந்திரம் தேய்ப்பதையும் படமெடுப்பதையும் தானே செய்தது; கணினி அவற்றை முப்பரிமாணமாக அடுக்கியது.

ஒரே சங்கடம், தேய்த்தது போனது போனதுதான். 2004 வரை நம் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இரும்பைத் தேய்க்க மனசு வருமா? எக்ஸ்-கதிர் டோமோகிராபி வெட்டாமலே உள்ளே காட்டும். ஆனால் பெரிய பொருளில் பெர்லைட் தகடு போன்ற நுண்மைகள் அதில் பிடிபடா. ஆகவே எதை இழக்கலாம் என்று முடிவு செய்த பிறகே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

தம்பி, தங்கைகளே! வயலில் பழைய இரும்போ கசடோ கிடைத்தால் எமரி தாளைத் தேடாதீர்கள். இடத்தைக் குறித்து வைத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.