கதை இல்லா ஆட்டத்தின் கதை



பள்ளி ஆண்டு விழாவிலோ, கோயில் திருவிழாக் கலை நிகழ்ச்சியிலோ பரதநாட்டியம் ஆடும் சிறுமியரைப் பார்த்திருப்பீர்கள். முருகன் வள்ளியை மணந்த கதையை ஆடினால் கூட்டம் கண்கொட்டாமல் பார்க்கிறது. ஆனால் நிகழ்ச்சியின் தொடக்கத்தில், பாட்டு ஏதுமின்றி, "தாம் தித்தாம்" என்னும் தாளச் சொல்லுக்கு ஒரு சிறுமி கண்ணையும் கழுத்தையும் அசைத்து ஆடும்போது, "இது என்ன கதை?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்போர் உண்டு. "கதை எப்போது தொடங்கும்?" என்று பொறுமை இழப்போரும் உண்டு.

அந்த ஆட்டத்தில் கதை இல்லை. கதை இல்லாமல் இருப்பதே அதன் இலக்கணம். நம் முன்னோர் அதற்கு 'நிருத்தம்' என்று பெயர் வைத்தார்கள். கதையையும் கருத்தையும் முகபாவத்தாலும் கை முத்திரையாலும் எடுத்துரைப்பது அபிநயம். எதையும் எடுத்துரைக்காமல், தாளத்திற்கும் அழகிற்குமாக உடல் இயங்குவது நிருத்தம். கதை இல்லாத இந்த ஆட்டத்துக்குப் பெரிய கதை ஒன்று உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

"பொருள் இல்லாத ஆட்டம் எதற்கு?" என்ற கேள்வி புதியதன்று. பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரத்தில் முனிவர்களே இதனைக் கேட்கிறார்கள். கருத்தைச் சொல்ல அபிநயம் இருக்கும்போது, எந்தக் கருத்தையும் சொல்லாத நிருத்தம் ஏன் உண்டாக்கப்பட்டது என்பது அவர்கள் ஐயம். அது எந்தப் பயனையும் வேண்டி எழுந்ததன்று; அழகை உண்டாக்குகிறது, அதனால் வழக்கில் வந்தது என்று விடை வருகிறது.

இந்த விடை நமக்கு விளங்காத ஒன்றல்ல. விடியற்காலையில் வாசல் தெளித்து நம் வீட்டுப் பெண்கள் கோலம் போடுகிறார்கள். புள்ளி வைத்து, இழை இழுத்து, சுற்றி வளைத்து முடிக்கும் அந்தக் கோலம் என்ன கதை சொல்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் கோலமில்லாத வாசல் வெறிச்சென்று இருக்கிறது. உறுமி மேளத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அது முழங்கும்போது காவடி எடுத்தவரின் கால் மட்டுமா ஆடுகிறது? வேடிக்கை பார்ப்பவரின் காலும் அல்லவா தாளம் போடுகிறது! தரையில் மாவால் போடும் கோலத்தை உடலால் போட்டால் அது நிருத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் நாட்டில் ஆடற்கலைக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை காட்டுகிறது. மாதவி ஏழு ஆண்டுகள் பயின்று, 12-ஆம் வயதில் அரசன் முன் ஆடினாள். அவள் ஆடிய அரங்குக்கும் அளவு இருந்தது. பெருவிரல் அளவில் 24 கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மூன்று வகைத் திரைகள். தூணின் நிழல் ஆடுபவள் மேல் விழாதபடி வைத்த விளக்குகள். குழலைத் தொடர்ந்து யாழ், யாழைத் தொடர்ந்து தண்ணுமை என்று இசைக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் இணைந்தன. ஆட்டம் முடிந்ததும் அரசன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் கொடுத்தான்.

பின்னர் சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான். 1010-இல் நிறைவு கண்ட அக்கோயிலுக்காகப் பல ஊர்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு நூறு கலம் நெல் வரும் நிலப்பங்கு. இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்த 400 பேரின் பெயர்களையும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதையும் கோயிற் சுவரில் வெட்டி வைத்தான். அதே கோயிலின் மேல்தளத்தில், கரணம் எனப்படும் 108 ஆடல் நிலைகளுள் 81 சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. மீதி இடம் வெறுங்கல்லாகவே நின்றுவிட்டது.

இன்று நாம் மேடையில் காணும் நிருத்த உருப்படிகளுக்கு வடிவம் கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் இந்நான்கு சகோதரர்களும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் இருந்தவர்கள். தந்தை சுப்பராயர் நட்டுவனார். இசை பயின்றது முத்துசுவாமி தீட்சிதரிடம். மூத்தவர் சின்னையா மைசூர் அரசவைக்கும், இளையவர் வடிவேலு திருவிதாங்கூர் அரசவைக்கும் சென்றனர். ஐரோப்பியரின் வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கப்படுத்தியவர்களுள் வடிவேலு ஒருவர். அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அந்நால்வர் வகுத்த வரிசை அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்பது. இவற்றுள் முதலும் இரண்டும் இறுதியும் நிருத்தம். நடுவில் வருவனவற்றில் அபிநயம் உண்டு.

அலாரிப்பில் இராகமும் இல்லை, பாட்டும் இல்லை. நட்டுவனார் சொல்லும் சொற்கட்டும் மிருதங்கமும் மட்டுமே. முதலில் கண், பிறகு கழுத்து, பிறகு தோள், கை என்று உறுப்புகள் ஒவ்வொன்றாக விழித்தெழுகின்றன. நின்ற நிலை, முழங்காலை இருபுறமும் விரித்து மடக்கும் அரைமண்டி, கீழே அமரும் முழுமண்டி என உடல் படிப்படியாக மலர்கிறது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை மாறும் ஐந்து நடைகளில் இதனை அமைக்கலாம். வாய்பாடு ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்குப் பிடித்துப்போகும்.

சதிசுரத்தில் இராகம் வந்து சேர்கிறது. ஆனால் பாட்டில் சொற்கள் இல்லை. ச, ரி, க, ம என்னும் சுரங்களே பாடப்படுகின்றன. அதற்கேற்ப அடவுகள் கோவையாகின்றன. கையும் காலும் சேர்ந்து இயங்கும் ஆட்டத்தின் சிறு அலகே அடவு. எழுத்துச் சேர்ந்து சொல்லாவதுபோல அடவு சேர்ந்து ஆட்டமாகிறது. தில்லானாவோ விரைவும் துள்ளலும் நிறைந்தது. தாளச் சொற்களே பாட்டாக வரும். முடிவில் மட்டும் தெய்வத்தையோ புரவலரையோ போற்றும் ஓரிரு வரிகள் இருக்கும்.

புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர் பாலசரசுவதி 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் பேசியபோது, இந்த வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல். மண்டபங்களைக் கடந்து உள்ளே சென்றால் பதம் கருவறை. தில்லானா இறுதியில் காட்டும் கற்பூர தீபம். கோபுரத்தைக் கடக்காமல் கருவறைக்குப் போக முடியுமா, நேயர்களே?

கதை இல்லா ஆட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரின் 'பாலே' நடனம் பெரும்பாலும் இளவரசன், தேவதை, சூனியக்காரி என்று கதை சொல்லி வந்தது. ருசிய நாட்டு நடன ஆசான் மிகைல் ஃபோக்கின், போலந்து இசைமேதை ஷோப்பனின் பியானோ இசையை எடுத்துக்கொண்டு, கதையே இல்லாத பாலே ஒன்றை அமைத்தார். 'லே சில்ஃபீட்' என்ற பெயரில் அது 1909-இல் பாரிஸ் நகரில் அரங்கேறியது. நிலவொளி பாய்ந்த காடு. வெண்ணிற நீண்ட உடையில் காற்றுத் தேவதைகள். நடுவே கவிஞனைப் போன்ற ஓர் இளைஞன். இவ்வளவுதான். யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. இசை அசைவாகிறது, அசைவு இசையாகிறது.

அவர்கள் கால்விரல் நுனியில் நின்று, மண்ணை விட்டு மேலே மிதக்க முயல்கிறார்கள். நாம் வெறுங்காலால் மண்ணைத் தட்டி, சலங்கையால் அதற்கு மறுமொழி பெறுகிறோம். வழி வேறு, கலை நோக்கு ஒன்று.

இரண்டு உலகங்களும் முன்பே ஒருமுறை சந்தித்ததுண்டு. 1838-இல் திருவயிந்திபுரத்தைச் சேர்ந்த ஆடல் மகளிர் ஐவர் தங்கள் இசைக்காரர்களோடு கப்பலேறிப் பாரிஸ் சென்று ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்னும் இளம்பெண்ணைக் கண்டு வியந்து எழுதினார் பிரெஞ்சுக் கவிஞர் கோத்தியே. ஒரு சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலையும் வார்த்தார். லண்டனிலும் அவர்கள் ஆடினார்கள்.

அயல்நாடு வியந்த அந்தக் கலைக்குச் சொந்த நாட்டில் தாழ்வு வந்தது. 1855-இல் தஞ்சை மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார்; ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டார்கள். ஆதரித்த கை போனபின் ஆடியவர்கள் வறுமைக்கு ஆளானார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தால் சிறுமியர் பலர் வாழ்வு சீரழிந்தது. அந்தக் கொடுமையை ஒழிக்க, தாமே அத்தகைய குடும்பத்துத் தாயின் வயிற்றில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினார். 1947-இல் சென்னை மாநிலத்தில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பெண்களுக்கு அது விடுதலை. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

ஆயினும் ஆட்டமும் சேர்ந்து அழிந்துவிடக்கூடாது என்று வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் வாதாடினார். 1931-இல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் கல்யாணி என்பவரின் புதல்வியர் இருவர் ஆடினர். 'சதிர்' என்ற பழைய பெயர் மாறி, 'பரதநாட்டியம்' என்ற பெயர் நிலைபெற்றது.

அக்காலத்தில்தான் ருக்மிணி தேவி வருகிறார். 'லே சில்ஃபீட்' பாரிஸில் அரங்கேறியபோது அதில் ஆடியவர்களுள் ஒருவர் அன்னா பாவ்லோவா. அந்த அம்மையாரைக் கண்டு பழகிய ருக்மிணி தேவி, அவர் குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலே பயின்றார். "உன் நாட்டுக் கலையைத் தேடு" என்னும் பொருள்படப் பாவ்லோவா சொன்ன அறிவுரை அவரைத் தாய்நாட்டு ஆட்டத்தின் பக்கம் திருப்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், தஞ்சை நால்வர் வழியில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935-இல் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டில் அவர் தொடங்கிய கலைக்கூடமே பின்னர் கலாசேத்திரம் ஆயிற்று.

மேடையின் தோற்றம் அவரால் பெரிதும் மாறியது. முன்பு இசைக்காரர்கள் ஆடுபவளுக்குப் பின்னால் நின்று, அவள் முன்னே போனால் தாங்களும் போய், பின்னே வந்தால் தாங்களும் வருவார்கள். மிருதங்கம் இடுப்பில் கட்டியிருக்கும். கிளாரினெட்டும், சுருதிக்குத் துத்தியும் ஒலிக்கும். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமரவைத்தார். உடையும் மாறியது. முன்பு கால்சட்டைக்கு மேல் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடினார்கள். அதற்கு மாறாகக் கோயிற் சிற்பங்களைப் பார்த்துத் தைத்த உடை வந்தது. முன்புறம் விசிறி மடிப்பு வைத்த அந்த உடைக்கு ஒரு பயனும் உண்டு. அரைமண்டியில் முழங்கால் விரியும்போது விசிறியும் விரிந்து, ஆட்டத்தின் கோணங்களைத் தெளிவாகக் காட்டுகிறது.

இந்த மாற்றத்தை எல்லாரும் ஏற்கவில்லை. வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரசுவதி, பரம்பரையாக ஆடிவந்த குடும்பத்தில் பிறந்து, 1925-இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறியவர். அவர் பழைய பாணியையே கைவிடாமல் ஆடினார். கலைக்கு மதிப்பு வந்தது உண்மை. ஆனால் அதைப் பசியோடும் பழியோடும் காத்துவந்த குடும்பங்களுள் பல மேடையை விட்டே மறைந்தன. பாலசரசுவதியைப் போல் நிலைத்து நின்றவர்கள் சிலரே. இது நாம் மறக்கக்கூடாத வரலாறு.

நம் நாட்டிற்கு இக்கலையை முறையாகக் கற்பிக்கும் ஆசான்கள் 1950-களில் வந்தார்கள். வி. கே. சிவதாஸ், கோபால் ஷெட்டி ஆகியோர் அவர்களுள் முன்னோடிகள். 1981-இல் கோலாலம்பூரில் நுண்கலைக் கோயில் தோன்றியது. பாலேயும் பரதமும் பயின்ற மலாய்க் கலைஞர் ராம்லி இப்ராஹிம் 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். கலைக்கு இனவேலி இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிள்ளைகளை வளர்த்த பெற்றோர்களுக்கு ஒரு சொல். பட்டுடையும் நகையும் விலை உயர்ந்தவை. அவை இல்லையே என்று தயங்காதீர்கள். அடவு பழக ஒரு தட்டுக்கழியும் பலகையும் சமதரையும் போதும். உடை ஆட்டத்திற்கு அழகு சேர்க்கும். அதுவே ஆட்டம் ஆகாது. அடுத்த முறை ஒரு சிறுமி அலாரிப்பு ஆடும்போது கதையைத் தேடாமல், அவள் காலையும் மிருதங்கத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

நிகழ்ச்சி நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஆடும் பிள்ளையின் பெயரோடு, அந்த உருப்படியை இயற்றியவர் பெயரையும் மேடையில் அறிவியுங்கள். பொன்னையா என்றோ வடிவேலு என்றோ சொல்ல ஒரு நொடிதான் ஆகும். நானூறு பேரின் பெயரைக் கல்லில் வெட்டிய மரபில் வந்தவர்கள் நாம். நான்கு பேரின் பெயரையாவது வாயால் சொல்லுவோம்.