பத்துக்குப் பன்னிரண்டு

கனடாவில் வாழும் என் பல்கலைக்கழக நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறிய சக்கர வீடு. பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போய்விட்டார்கள். வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. கணினியில் செய்யும் வேலையை எங்கிருந்தும் செய்யலாம். ஆகவே அவரும் மனைவியும் அதற்குள் குடிபுகுந்துவிட்டார்கள். படுக்கை, சமையல், அலுவலகம் எல்லாம் அதற்குள்ளேயே. படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "நம்முடைய லயக் காம்பராவை விட ஒரு சாண் பெரிது."

நண்பரும் நானும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் பொகவந்தலாவைப் பக்கம்; நான் டிக்கோயாவுக்கு அருகே. அந்த வரியைப் படித்ததும் சிரித்தேன். ஆனால் அது அன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த வண்டிக்கு நண்பரின் பெயரில் ஒரு பத்திரம் இருக்கிறது. நாளை அவர் வேலையை விட்டாலும் வண்டி அவருடையதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பிறந்து, வேலை செய்து, ஐந்து தலைமுறையாக அங்கேயே மாண்ட எம் மக்களுக்கு அந்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை.

மலையகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். லயம் என்பது நீண்ட கட்டடம் ஒன்றில் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, அதற்கு முன்னால் ஒடுங்கிய திண்ணை. ஒற்றை லயம் என்றால் ஒரு வரிசை. இரட்டை லயம் என்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசைகள். அதில் பின்சுவர் இரு குடும்பங்களுக்கும் பொது என்பதால் பின்வாசலும் இல்லை, சன்னலும் இல்லை. லயம் என்ற சொல் ஆங்கிலத்தின் 'லைன்' என்பதிலிருந்து வந்தது. அறையை நாங்கள் காம்பரா என்போம். அது போர்த்துக்கேயச் சொல். திண்ணையை இஸ்தோப்பு என்போம். அது ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியரும் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு சொல்லைத் தந்திருக்கிறார்கள். உறுதி எழுதித் தந்தவர்தான் எவருமில்லை.

இந்தக் கட்டடம் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதற்குக் கோப்பிக் காலத்துக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையின் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டபோது, பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டுமே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மன்னார்க் கரையில் வந்திறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள், பருவம் முடிந்ததும் உயிர் மிஞ்சியிருந்தால் ஊர் திரும்பினர். சில மாதங்கள் தங்கிப் போகிறவனுக்கு எதற்கு வீடு? மண்ணாலும் தடியாலும் எழுப்பிய குடிசை வரிசைகள் போதும் என்று துரைமார் எண்ணினர்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மறைந்து, மலைகள் தேயிலையின் வசமாயின. ரயில்பாதை 1884இல் ஹற்றனையும் மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஏழெட்டு நாளுக்கொரு முறை கொழுந்து கிள்ளியாக வேண்டும், ஆண்டு முழுவதும். ஆணை விடப் பெண்ணின் கை அதற்குத் தேவை. எனவே குடும்பங்கள் வந்தன, தங்கின, பெருகின. வேலை நிரந்தரமாயிற்று. வீடு பற்றிய எண்ணம் மட்டும் கோப்பிக் காலத்திலேயே நின்றுவிட்டது. மண்சுவர் கருங்கல்லாயிற்று, புல்வேய்ந்த கூரை தகரமாயிற்று, அவ்வளவுதான். தங்கிப் போகிறவனுக்கான கொட்டகையின் அளவிலேயே, தங்கிவிட்டவனுக்கான கட்டடமும் எழுந்தது.

அந்த அறையில் என்னவெல்லாம் நடந்தது என்பதை உள்ளே வாழ்ந்தவர்களே அறிவர். அடுப்பு ஒரு மூலையில். மழைக்காலத்தில் ஈர விறகின் புகை தகரத்தின் கீழ் திரண்டு நிற்கும். மூத்த மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இன்னோர் அறையாக்குவார்கள். அதுவும் முடியாத வீட்டில் குறுக்கே ஒரு சேலை தொங்கும். சேலைக்கு அப்பால் புதுமணத் தம்பதிகள்; இப்பால் கிழவனும் கிழவியும் பிள்ளைகளும். இருமல், குறட்டை, சண்டை, பிரசவ வலி எல்லாமே பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். இத்தனைக்கும் நடுவே லயத்து வாசலில் ரோஜா பூக்கும், பின்னால் மாட்டுப்பட்டி இருக்கும், பீலியடியில் ஊர்க்கதை நடக்கும், மாசியில் காமன் கூத்து நடக்கும். மனிதர்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு வீட்டைக் கட்டிவிடுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால் இதைச் சொல்லி லயத்தை அழகுபடுத்துவோரிடம் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தப் புகைதான் என் தாயாரின் நெஞ்சை அரித்தது.

அறையின் சிறுமையை விடக் கொடியது, அது வேலையோடு பூட்டப்பட்டிருந்தது என்பதே. கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை ஆள் தோட்டத்தை விட்டு நகர முடியாது. கடனை எழுதிய துண்டுச் சீட்டோடு ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினான். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. தோட்டத்தின் எல்லைக்குள் துரையின் அனுமதியின்றி வெளியார் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு வரும். தன் காம்பராவுக்கு யார் விருந்தாளியாக வரலாம் என்பதைக்கூடத் தொழிலாளி தீர்மானிக்க முடியாது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி போல் மூட்டை சுமந்து தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுவதன் பின்னணி இதுதான். தஞ்சையிலிருந்து வந்த அந்தப் பத்திரிகையாளர் 1931இல் ஹற்றனைத் தலைமையிடமாக வைத்துத் தொழிற்சங்கம் அமைத்தார். பத்திரிகைத் தொழிலில் எனக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன்.

வேலையும் வீடும் ஒரே பூட்டில் என்பதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1987இல் என் தந்தையாருக்கு அறுபது வயதாகி ஓய்வு வந்தது. தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் ஒருவருக்காவது செக்றோலில் பேர் விழாவிட்டால் காம்பராவை விட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கணக்கப்பிள்ளை கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பெரியவரே, யாருக்குப் பேர் போடுறது?" என்று இஸ்தோப்பில் நின்று கேட்டார், அவ்வளவுதான். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சையில் தேறி, தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாக இருந்தார். எனக்குப் பதினாறு. யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அக்கா கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனார். நான் அந்தக் காம்பராவிலிருந்தே படித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

பின்னாளில் பத்திரிகை வேலையாகக் கொழும்பில் பழைய சட்ட அறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வழக்கு கண்ணில் பட்டது. எங்கள் மலைக்கு மேற்கே, கேகாலை மாவட்டத்திலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டம் பற்றியது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பங்கிடுவதற்காக அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. தொழிலாளரை வெளியேறும்படி அறிவித்தது. அவர்கள் போகவில்லை. 1946இல் அது மலையகம் எங்கும் பெரும் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாயிற்று. லயத்தை விட்டு நகராத தொழிலாளர் மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது. வாழ்ந்த வீட்டிலேயே இருந்ததற்காக! அவர்களில் ஒருவரின் வழக்கு, இலங்கை நீதிமன்றங்களில் தோற்று, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1950இல் அங்கே தீர்ப்பு மாறியது. உரிமையாளருக்குத் தொல்லை தரும் நோக்கத்தோடு தங்கியிருந்தால்தான் அது குற்றம். இந்த மனிதனின் முதன்மை நோக்கம் தன் பழைய வீட்டை விட்டுப் போகாமல் இருப்பதுதான். அவனது உரிமைக் கோரிக்கை சட்டப்படி பலவீனமாக இருக்கலாம், அதற்காக அவன் குற்றவாளி ஆகமாட்டான் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு யாருக்கும் லயத்தைச் சொந்தமாக்கிவிடவில்லை. சிவில் வழக்குப் போட்டு வெளியேற்றும் வழி திறந்தேதான் இருந்தது. ஆயினும் அந்த அறையைத் தொழிலாளியின் வீடு என்று ஒரு மன்று ஏற்றுப் பேசியதே எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆண்டைக் கவனியுங்கள்: 1950. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. கடல் கடந்த மன்று வீடு உண்டென்று கருதிய மனிதனுக்கு, உள்ளூர்ப் பாராளுமன்றம் நாடே இல்லை என்றது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக அப்பாராளுமன்றத்தில் அமர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை பின்னர் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. அத்தலைப்பை நான் உவமையாக எடுத்துக்கொள்வதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைப் பங்கு பிரித்தது. ஹற்றனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு எங்கள் ஊரில் அழுகைக் கோச்சி என்று பெயர். ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டோடு போனதும் காம்பரா காலியாகும். அடுத்த குடும்பத்துக்குப் போகும். தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. வாக்குரிமை வந்தது, அமைச்சர் பதவிகள் வந்தன. லயத்துக்கு உறுதி வரவில்லை.

உறுதி இல்லாத வீட்டை எங்கே கட்டுவது என்பதையும் குடியிருப்பவர் தீர்மானிப்பதில்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. கடலுக்கு அப்பால், கேரளத்து மூணாறிலும் தமிழர் குடியிருப்புக்கு லயம் என்றே பெயர். அங்கே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு லயங்களோடு எழுபது பேர் மண்ணுள் போயினர். திருநெல்வேலி மாஞ்சோலையில் தேயிலை நிறுவனத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024இலேயே தொழிலாளரை விருப்ப ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறைகளாக இருந்தவர்களுக்கு 45 நாள் தவணை. அச்செய்தியை வாசித்தபோது கணக்கப்பிள்ளையின் குரல்தான் என் காதில் கேட்டது.

மாற்றம் ஒன்றும் நிகழவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடு என்ற திட்டம் கடந்த பத்தாண்டில் உருவெடுத்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள்; 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது நானும் செய்தி சேகரிக்கும் கூட்டத்தில் நின்றிருந்தேன். அப்படியான சில வீடுகளுக்குப் போயிருக்கிறேன். முதலில் காட்டுவது வீட்டை அல்ல, இலக்கத்தை. தோட்டப் பெயருக்கு வரும் கடிதத்தைத் தப்பால்காரன் கொண்டுவந்து, அலுவலகத்தில் பிரித்து வைத்து, நினைவு வந்தபோது கொடுத்த காலத்தைக் கண்டவர்களுக்குத்தான் அந்த வாசற்படி இலக்கத்தின் அருமை தெரியும். ஆயினும் லயங்களின் தொகையோடு ஒப்பிட்டால் வீடுகளின் தொகை சிறியது; வேகமும் போதாது.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அந்தக் காம்பராவின் பெயரால் செக்றோலில் இன்று யாருடைய பேரும் இல்லை. இக்காலத்தில் எவரும் உடனே வந்து வெளியேறச் சொல்வதில்லை. இருக்கலாம் என்றும் எவரும் எழுதித் தருவதில்லை. வீட்டுத் திட்டப் பட்டியலில் அக்காவின் பெயர் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது லயத்தவர் எல்லோரும் பாடசாலைக் கட்டடத்தில் தங்கினார்கள். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் காம்பராவின் கூரைத் தகரத்தில் பாதியைக் காணவில்லை.

நண்பரின் படத்தை அக்காவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சக்கரம் இருக்கே, மண்ணு சரிஞ்சா இழுத்துக்கிட்டுப் போயிரலாம்" என்றார். பிறகு, ஹற்றனில் தகரம் இப்போது என்ன விலை என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டார். கொழும்புக்குத் திரும்புமுன் எட்டுத் தகரம் வாங்கிப் போட்டோம். சேமலாப நிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததிலிருந்து பாதிக் காசை அக்காதான் கொடுத்தார். வேண்டாமென்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.