விலைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எண்



மாலை நடையின்போது கைபேசியில் பங்கு விலை பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. நீங்களும் ஒருவர் என்றால் உங்களிடம் ஒரு கேள்வி. விலையைப் பார்க்கிறீர்கள், சரி. அதன் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையைப் பார்க்கிறீர்களா?

நான் பார்க்கவில்லை. என் மாமனார் வாங்கி வைத்திருந்த, அதிகம் கைமாறாத ஒரு பங்கு, 200 இருந்தது. திரையில் 250 ரூபாய். 50,000 ரூபாய் வரும் என்ற கணக்கில் மார்க்கெட் ஆர்டர் போட்டேன். கைக்கு வந்தது 48,775. காரணம் எளிது. 250 ரூபாய் கொடுக்கக் காத்திருந்தவர்கள் கேட்டது 25 பங்குகள் மட்டுமே. அடுத்த 50 பங்கு 248-க்கும், 75 பங்கு 243-க்கும், கடைசி 50 பங்கு 238-க்கும் போயின. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அந்த எண்கள் திரையிலேயே இருந்தன.

இந்த எண்கள் நமக்குத் தெரிய வந்ததே அண்மைக் காலத்தில்தான். 1850-களில் பம்பாய் டவுன் ஹால் எதிரே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடிப் பங்கு வியாபாரம் செய்தார்கள். 1875-இல் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். அதுவே பம்பாய் பங்குச் சந்தை. சென்னையில் 1920-இல் ஒரு சந்தை தொடங்கி நிலைக்காமல் போய், 1937-இல் மீண்டும் உருவானது.

அந்தக் காலத்தில் வியாபாரம் நடந்த இடத்துக்கு ‘ரிங்’ என்று பெயர். அங்கே ஜாபர் என்ற வியாபாரி இரண்டு விலை சொல்வார்: ஒன்று அவர் வாங்கும் விலை, மற்றொன்று விற்கும் விலை. இன்றைய ‘பிட்’, ‘ஆஸ்க்’ இவைதான். ஆனால் அந்த விலைக்கு எத்தனை பங்கு எடுப்பார் என்பது கூட்டத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். வெளியூரிலிருந்து தரகருக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர், மறுநாள் நாளிதழில் வரும் விலையைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். தம் பங்கு எந்த நேரத்தில் விற்றது, அப்போது சந்தையில் என்ன விலை என்று சரிபார்க்க வழியில்லை.

1992-இல் அமைக்கப்பட்ட தேசியப் பங்குச் சந்தை, 1994 நவம்பரில் பங்கு வியாபாரத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. எல்லா ஊர் ஆர்டர்களும் ஒரே பட்டியலில் சேர்ந்தன. நல்ல விலை சொன்னவருக்கு முதலிடம். விலை ஒன்றாக இருந்தால் முதலில் வந்தவருக்கு முதலிடம். பம்பாய் சந்தையும் 1995-இல் திரைக்கு மாறியது. சென்னையில் உட்கார்ந்தே அந்தப் பெரிய சந்தைகளில் வியாபாரம் செய்ய முடிந்தபோது, உள்ளூர்ச் சந்தைக்கு வேலை குறைந்தது. 2015-இல் சென்னைப் பங்குச் சந்தை விடைபெற்றது.

இன்று உங்கள் செயலியில் ஒரு பங்கைத் தொட்டால், வாங்குவோர் பக்கம் ஐந்து விலை, விற்போர் பக்கம் ஐந்து விலை, ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கை தெரியும். ஒரு காலத்தில் ரிங்கில் நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்தது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

ஆனாலும் அந்த எண்ணை முழுதாக நம்பிவிடாதீர்கள். பெரிய ஆர்டர் போடுபவர் அதில் ஒரு பகுதியை மட்டும் திரையில் காட்ட விதி இடம் தருகிறது. இதற்கு நேர்மாறாக, வியாபாரம் செய்யும் எண்ணமே இல்லாமல் பெரிய எண்ணைக் காட்டுவதும் நடந்திருக்கிறது. அது குற்றம். லண்டனில் பெற்றோர் வீட்டிலிருந்தபடி அமெரிக்கச் சந்தையில் வியாபாரம் செய்த நவீந்தர் சராவ், விற்கும் பக்கம் பெரிய ஆர்டர்களைப் போட்டு, நிறைவேறும் முன்பே ரத்து செய்துவந்தார். 2010 மே 6 அன்று, அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்ட நாளிலும் அதையே செய்தார். 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். விற்கும் முன், வாங்குவோர் பக்கம் உள்ள எண்ணிக்கையை உங்கள் பங்கு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வாங்கும்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எண்ணிக்கை போதாது என்றால் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம்; இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விலை குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுங்கள். உடனே விற்காமல் போகலாம், ஆனால் விலை உங்கள் பிடியில் இருக்கும். மூன்றாவது, வாங்குவோர் பக்கம் எண் பெரிதாக இருக்கிறது, விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். ஆர்டரைப் போட்டவர் அடுத்த நொடியே அதை எடுத்துவிடலாம்.

வீட்டில் பெரியவர்கள் பெயரில் பழைய பங்குகள் இருந்தால், விற்கும் நாளில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இந்த எண்ணைக் காட்டிக்கொடுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள 1,225 ரூபாய் செலவானது. உங்களுக்கு இந்த இதழைப் படித்த நேரம் மட்டும் போதும்.