தீக்குச்சி

உரசிய மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியை முதன்முதலாகச் செய்து விற்றவர், இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் நதிக்கரையிலுள்ள ஸ்டாக்டன் நகரத்தில் மருந்துக் கடை நடத்திய ஜான் வாக்கர் (1781-1859) ஆவார். சஸ்திர வைத்தியம் பயிலப் புகுந்து, அத்தொழில் மனத்துக்கு ஒவ்வாமல் விட்டு விலகி, ரசாயனத்தில் ஈடுபட்ட இவர், சுலபமாகத் தீ மூட்டவல்ல கலவையொன்றைத் தேடிவந்த காலத்தில், 1826ஆம் ஆண்டில், மருந்து காய்ந்து ஒட்டியிருந்த குச்சியொன்று கணப்படுப்பின் தளக்கல்லில் உராய்ந்து தீப்பற்றக் கண்டார் என்பர். இதனைத் தற்செயல் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயினும், தக்க பொருள்களை அவர் முன்னரே தேர்ந்து கலந்து வைத்திராவிடில் எந்தக் கல்லில் உரசியும் பயன் விளைந்திராது.

அக்காலத்து இல்லங்களில் தீ மூட்டுவதென்பது, சிக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டி, சிதறும் பொறியைக் கருகிய துணியில் ஏந்தி, ஊதி ஊதி வளர்ப்பதாகும். மழைக்காலத்து ஈரத்தில் அதுவும் கைகூடாது. வாக்கர் மரக்குச்சிகளில் கந்தகம் பூசி, அவற்றின் நுனியில் ஆண்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் கோந்தில் குழைத்த மருந்தை ஏற்றினார். மடித்த உப்புத்தாளினிடையே குச்சியைச் செருகி வெடுக்கென்று இழுக்கும்போது, உராய்வின் வெப்பத்தால் குளோரேட் பிராணவாயுவை விடுவிக்க, ஆண்டிமனி சல்பைடு எரிந்து, கந்தகத்தின் வழியாக மரத்தைப் பற்ற வைக்கும். இக்குச்சிகளை ஒரு வழக்கறிஞருக்கு விற்ற செய்தி, கடையின் கணக்குப் புத்தகத்தில் 1827 ஏப்ரல் 7ஆம் தேதியில் பதிவாகியுள்ளது.

நண்பர்கள் வற்புறுத்தியும் வாக்கர் காப்புரிமை பெறவில்லை. லண்டன் வியாபாரியான சாமுவேல் ஜோன்ஸ் அதே குச்சியை 'லூசிபர்' என்னும் பெயரிட்டு விற்றுப் பெரும் பிரசித்தி தேடிக்கொண்டார்.

வாக்கரின் மருந்தில் பாஸ்வரம் கிடையாது என்பதை இங்கே வலியுறுத்திச் சொல்லுதல் அவசியம். வெண்பாஸ்வரத்தைத் தீக்குச்சியில் புகுத்தியவர் பிரான்சு நாட்டுச் சார்ல் சோரியா, ஆண்டு 1830. எங்கு உரசினும் பற்றியமையால் இப்புதிய குச்சியே உலகெங்கும் பரவிற்று. அதனோடு, தொழிற்சாலைகளில் வெண்பாஸ்வரத்தின் ஆவியைச் சுவாசித்த ஏழைத் தொழிலாளிகளுக்குத் தாடையெலும்பு அழுகி உதிரும் கொடிய வியாதியும் வந்து சேர்ந்தது. செம்பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, அபாயமற்ற குச்சிகளை சுவீடன் தேசத்தார் 1850களிலேயே விற்பனைக்குக் கொணர்ந்திருந்தும், மலிவையும் இலாபத்தையும் கருதிய முதலாளிகள் நெடுங்காலம் பழைய விஷத்தைக் கைவிடாதிருந்தமை மன்னிக்கத் தக்கதன்று.

1888ஆம் ஆண்டில் லண்டன் போ பகுதியில் பிரயன்ட் அண்டு மே தீக்குச்சித் தொழிற்சாலையின் பெண்களும் சிறுமிகளுமாக ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது அற்பக் கூலியையும் அபராதங்களையும் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரே. வேலைநிறுத்தம் வெற்றி கண்டு அபராதங்கள் நீங்கின. வெண்பாஸ்வரமோ உடனே நீங்கவில்லை. 1908ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் 1910 முதல் பிரிட்டனில் அமலுக்கு வந்த பின்னரே அது தீக்குச்சியினின்றும் விலக்கப்பட்டது.