கோஸ்ட் ரைடர்: ஒரு சித்திரக்கதைப் பாத்திரத்தின் தோற்றம்

கோஸ்ட் ரைடர் என்பது அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 1972 ஆகஸ்ட் தேதியிட்ட ‘மார்வெல் ஸ்பாட்லைட்’ ஐந்தாம் இதழில் அறிமுகப்படுத்திய சித்திரக்கதைப் பாத்திரமாகும். தீப்பற்றி எரியும் மண்டையோடும் மோட்டார் சைக்கிளும் இப்பாத்திரத்தின் அடையாளங்கள். தீயோரைத் தண்டிப்பவனாயினும் அதற்கான ஆற்றலை நரகத்திலிருந்தே பெற்றவன் என்பதாலும், வழக்கமான நாயகர்களுக்குரிய மாசின்மை இவனுக்கு வாய்க்கவில்லை என்பதாலும், இவனை எதிர்நாயகன் என்னும் வகையில் சேர்ப்பர்.

இப்பெயர் இப்பாத்திரத்தைவிட மூத்தது. 1949இல் மேகசின் என்டர்பிரைசஸ் என்னும் பதிப்பகம், குதிரைமேல் வரும் வெள்ளுடை வீரன் ஒருவனை இதே பெயரில் வெளியிட்டது. அவன் உண்மையில் பேயல்லன்; இருளில் ஒளிரும் உடையணிந்து குற்றவாளிகளை அச்சுறுத்திய மனிதனே. வாஷிங்டன் இர்விங்கின் தலையற்ற குதிரை வீரன் கதையை டிஸ்னி அக்காலத்தில் படமாக்கியிருந்ததும், வான்வெளியில் மாடோட்டும் ஆவிகளைப் பற்றி வான் மன்றோ பாடிய இசைத்தட்டு புகழ்பெற்றிருந்ததும் அவனது உருவாக்கத்துக்குத் தூண்டுதலாயின என்று அவனை வரைந்த டிக் ஏயர்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தப் பதிப்பகத்தின் உரிமை காலாவதியான பின்னர், மார்வெல் 1967இல் அதே ஏயர்ஸைக் கொண்டு கார்ட்டர் ஸ்லேடு என்னும் பள்ளி ஆசிரியனை அப்பெயரில் உலவவிட்டது. அத்தொடர் ஏழு இதழ்களோடு நின்றது. எனினும் அதன் எழுத்தாளர்களுள் ஒருவரான கேரி ஃபிரீட்ரிக்கின் மனத்தில் அப்பெயர் தங்கிவிட்டது.

வேடமிட்ட மனிதனிலிருந்து உண்மையான அமானுடப் பிறவிக்கு இப்பெயர் நகர்ந்ததற்கு முதன்மைக் காரணம் ஒரு விதித்திருத்தமே. சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற எதிர்ப்பு 1954இல் அமெரிக்க மேலவைக் குழுவின் விசாரணை வரை சென்றபோது, அரசு தலையிடுவதற்கு முன் தாங்களே கட்டுப்பட்டுவிடுவது நல்லதெனக் கருதிய பதிப்பாளர்கள் காமிக்ஸ் கோட் என்னும் நெறிமுறைத் தொகுப்பை உருவாக்கிக்கொண்டனர். அதன் முத்திரையின்றி வரும் இதழ்களை விற்பனையாளர் வாங்கத் தயங்கியதால், அது தடை விதித்த நடமாடும் பிணங்களும் இரத்தக்காட்டேரிகளும் ஓநாய் மனிதர்களும் பொதுச்சந்தையிலிருந்து ஏறத்தாழ முற்றிலும் மறைந்தனர். 1971இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டதும் மார்வெல் அடுத்தடுத்து இரத்தக்காட்டேரி மோர்பியஸ், ஓநாய் மனிதன், டிராகுலா ஆகியோரைக் களமிறக்கியது. கோஸ்ட் ரைடர் இந்த அலையில் வந்தவன்தான். ஆனால் மற்றவர்களைப் போலப் பழைய இலக்கியமும் திரைப்படமும் தந்த பேய் வகைகளிலிருந்து பிறந்தவன் அல்லன். சாகச மோட்டார் சைக்கிள் வீரர் ஈவல் க்னீவலின் புகழும், ‘ஈசி ரைடர்’ (1969) போன்ற படங்கள் பரப்பிய ஊர்சுற்றி வாழ்க்கையின் கவர்ச்சியும் உச்சத்திலிருந்த அமெரிக்காவில் பிறந்த புதிய பேய் இவன்.

இவனைப் படைத்தவர் யார் என்பதில் பங்கேற்றவர்களின் கூற்றுகள் ஒத்துப்போகவில்லை. ‘டேர்டெவில்’ தொடரில் வில்லனாக வருவதற்கென்றே ஃபிரீட்ரிக் இந்த மோட்டார் சைக்கிள் பேயை முன்மொழிந்ததாகவும், இத்தகைய கருத்தை வில்லனோடு வீணாக்கலாகாது, தனிக்கதையே தரவேண்டும் என்று தாம் கூறியதாகவும் ஆசிரியர் ராய் தாமஸ் சொல்கிறார். ஃபிரீட்ரிக் அலுவலகத்துக்கு வராத ஒரு நாளில் தாமும் ஓவியர் மைக் ப்ளூகும் உருவத்தை வடிவமைத்ததாகவும், மண்டையோடு தமது யோசனை என்றும், எல்விஸ் பிரெஸ்லி 1968இன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அணிந்த உடை மனத்திலிருந்தது என்றும், தலையில் நெருப்பைச் சேர்த்தவர் ப்ளூகே என்றும் அவர் விவரிக்கிறார். எரியும் மண்டையோடு தொடக்கத்திலிருந்தே தமது கற்பனை என்பது ஃபிரீட்ரிக்கின் உறுதியான நிலை. இவற்றுள் எது சரியாயினும் ப்ளூகின் பங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது. இமையும் உதடும் அற்ற மண்டையோட்டில் முகபாவத்துக்கு இடமில்லை. சினத்தையும் வேதனையையும் காட்டும் பொறுப்பை அந்த நெருப்பே ஏற்கிறது, அதை உயிருள்ள பொருளாகவே அவர் வரைந்தார்.

முதல் கதையின் கட்டமைப்பு எளியது, ஆயினும் அழுத்தமானது. ஜானி பிளேஸ், தன்னை வளர்த்த சாகசக் காட்சி நடத்துநர் கிராஷ் சிம்ப்சனை நோயிலிருந்து காக்கச் சாத்தானிடம் தன் ஆன்மாவை அடகு வைக்கிறான். நோய் தீர்கிறது, சிம்ப்சனோ மோட்டார் சைக்கிள் தாவல் ஒன்றில் விழுந்து இறக்கிறார். ஒப்பந்தம் சொல்லளவில் நிறைவேறிவிட்டதால் பிளேஸுக்கு முறையிட வழியில்லை. சிம்ப்சனின் மகள் ராக்சானின் அன்பு ஆன்மாவைப் பறிகொடுக்காமல் காத்தாலும், இரவுதோறும் அவன் எரியும் எலும்புருவாக மாறுகிறான். பேராசையால் அன்றி நன்றியால் செய்யப்பட்ட பேரம் என்பதே சாத்தானிடம் ஆன்மாவை விற்கும் ஃபாஸ்ட் கதை மரபின் பிறரிடமிருந்து இவனை வேறுபடுத்துகிறது. அடுத்த தலைமுறைகள் இவனைக் கைவிடாததற்கும் அதுவே காரணம் எனலாம்.

1973இல் தனி இதழ் பெற்ற இத்தொடரில் சாத்தானுக்கு எதிராகப் பிளேஸுக்குத் துணைநிற்கும், இயேசுவை ஒத்த ‘நண்பர்’ ஒருவரை எழுத்தாளர் டோனி இசபெல்லா கொண்டுவந்தார். அவர் திட்டமிட்ட மீட்சி முடிவை 1976இல் ஆசிரியர் குழுவிலிருந்த ஜிம் ஷூட்டர் மாற்றி, அந்த நண்பரை ஒரு பேயின் மாயமாக்கிவிட்டார். கதையின் ஆன்மிக மையமே இதனால் சிதைந்தது. பின்னர், பிளேஸை எரியும் உருவாக மாற்றும், அவனுள் இருக்கும் பேய்க்கு ஸாரதோஸ் என்று பெயர் வந்தது. ஒப்பந்தம் செய்த சாத்தான், மெஃபிஸ்டோ என்னும் மார்வெல் பாத்திரமாக மாற்றப்பட்டான். 1983இல் நின்ற இதழ், 1990இல் டேனி கெட்ச் என்னும் இளைஞனோடும், 2014இல் காரோட்டும் ராபி ரேயஸோடும் புதிய வடிவங்களில் மீண்டது.

நிக்கலஸ் கேஜ் நடித்த திரைப்படம் வெளியான 2007இல் ஃபிரீட்ரிக் உரிமை கோரி வழக்குத் தொடுத்தார். 2011இல் கீழ்நீதிமன்றம், அவர் கையெழுத்திட்ட காசோலைகளையும் 1978ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் சான்றாகக் கொண்டு மார்வெலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின் வாசகம் தெளிவற்றது என்று கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 ஜூனில் அதை நீக்கியது. மறுவிசாரணைக்கு வருமுன் அதே ஆண்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால், படைப்புரிமை யாருடையது என்பதை எந்த நீதிமன்றமும் இறுதியாக முடிவு செய்யவில்லை. ஃபிரீட்ரிக் 2018இல் காலமானார்.