அருணகிரிநாதர்: பாவி ஆட்கொள்ளப்பட்ட கதையின் வரலாறு

அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகனடியார். ஊர் திருவண்ணாமலை, காலம் 15ஆம் நூற்றாண்டு. அவர் பாடலில் வரும் பிரபுடதேவராயன், விசயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் (1422–1446) என்று ஆராய்ச்சியாளர் கொள்வர்.

வழங்கும் கதை இது. பரத்தையர் வீடே கதியென்று கிடந்து சொத்தைத் தொலைத்தார். உடம்பில் தொழுநோய் கண்டது. அப்போதும் அக்காளிடம் காசு கேட்டு நின்றார். வீட்டில் குன்றிமணிப் பொன்னும் மிச்சமில்லை. 'பெண்தானே வேண்டும், நான் இருக்கிறேன்' என்றாள் அக்காள். அந்தச் சொல் சுட, வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறிக் குதித்தார். முருகன் தாங்கிப் பிடித்தான், நோய் நீங்கியது, முதற்பாட்டுக்கு அடியும் அவனே எடுத்துக்கொடுத்தான். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரைத் தாங்கிய அக்கோபுரத்தின் அடியில் கோபுரத்து இளையனார் சந்நிதி இருக்கிறது.

இந்தக் கதைக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. பாடல்களில் தம்மைக் கொடியவன், காமுகன் என்று அவர் ஓயாமல் திட்டிக்கொள்கிறார். அதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு பின்வந்தோர் வாழ்க்கையைப் புனைந்தார்கள் என்றே தோன்றுகிறது. அடியார்கள் தம்மை நாயினும் கடையர் என்பது தமிழில் பழைய மரபு. மாணிக்கவாசகரும் சொன்னார், அவரை யாரும் கயவர் என்று எழுதவில்லை.

கிறித்தவத்திலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலேயப் போதகர் ஜான் பனியன் 1666இல் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பிலேயே தம்மைப் பாவிகளில் தலையாயவன் என்றார். உள்ளே பார்த்தால் கெட்ட வார்த்தை, விளையாட்டு, கோயில் மணியடிப்பதில் ஆசை! அந்தப் பட்டத்தை அவர் எடுத்தது அப்போஸ்தலர் பவுலிடமிருந்து. பவுல் கதை வேறு: ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது சம்மதித்து நின்றவர், விசுவாசிகளை வீடு புகுந்து இழுத்துச் சிறையில் தள்ளியவர். கொடியவனுக்கும் கிருபை என்னும் போதனையை உரசிப்பார்க்கத் தக்க கல் அவர்தான்.

பனியனின் இன்னொரு நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஊர் ஊராகச் சுவடி தேடி வ.த. சுப்பிரமணிய பிள்ளை தொகுத்த திருப்புகழின் முதற்பகுதி அச்சேறியதும் அதே ஆண்டுதான். ஒரு பக்கம் அருள், ஒரு பக்கம் கிருபை. பாவி கடைத்தேறும் பேச்சு இரண்டிலும் ஒன்றே. பின்னாளில் பாடகர் டி.எம். சௌந்தரராஜன் நாயகனாக நடித்த 'அருணகிரிநாதர்' திரைப்படம் (1964) கோபுரக் கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது.

காணிக்கை செலுத்துமுன் மனத்தாங்கல் கொண்ட சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு சுவிசேஷம். ஆனால் அண்ணாமலைக் கதையில் முருகன் மன்னித்ததோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. சோறும் பொன்னும் கொடுத்து ஓய்ந்த அக்காள் அதன்பிறகு என்ன சொன்னாள் என்பதை, பரவலாக வழங்கும் கதை கேட்பதேயில்லை. அது கதையின் குறை.